முன் பிரேக்கைத் தொட்டது யார்?

கீழே விழுந்தவர்களுக்கு வாத்தியார்களுக்குப் பஞ்சமே இருக்காது. வாலு விழுந்து இன்றோடு பதினோரு நாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர், பால் போடுகிறவர், அண்ணியின் தம்பி, கட்டுப் போட்ட நர்ஸ் என்று ஆளுக்கொரு வகுப்பு எடுத்துவிட்டார்கள். வகுப்பு எத்தனையானாலும் பாடம் ஒன்றுதான். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு பைக்?

வாலு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். இருபத்து மூன்று வயதாகியும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை. காலை ஆறு மணிக்கு வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, ஏழரைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு பழைய பைக்கை வாங்கினாள். ஏழாவது வாரம், தூறல் விட்ட ஒரு காலையில், சந்து திரும்பும் இடத்தில் குறுக்கே வந்த சைக்கிளில் மோதினாள்.

சைக்கிளில் வந்தவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். அவருக்கு இடது கை எலும்பு முறிந்தது. இவளுக்கு முழங்காலில் ஆறு தையல், உள்ளங்கை இரண்டிலும் தோல் போயிற்று.

பிரேக் பிடித்தேன், வண்டி நிற்கவில்லை என்று அன்றைக்கே சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி அண்ணன் சிரித்தான். அவன் நாற்காலி, மேஜை, கட்டில் விற்கும் பெரிய கடையில் விற்பனையாளன். மூன்று கால் நாற்காலியைக்கூட நாலு கால் என்று நம்ப வைத்து விற்றுவிடுவான். அப்படிப்பட்டவன் சிரித்தால் எதிரில் இருப்பவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும். வாலுவுக்கும் வந்தது.

அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மோதுவதற்கு இரண்டு நொடி முன்னால் அவள் சாலையைப் பார்க்கவில்லை. கதவு எண் தேடிக்கொண்டிருந்தாள்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். இன்று சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு, பைக்கை உடைந்தபடியே வாங்கிக்கொள்ள ஒருவரை அண்ணன் அழைத்து வருகிறான். திங்கட்கிழமை பைக்கோடு வராவிட்டால் லேபில் உள்ளே உட்கார்ந்து குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வாலு தலையாட்டி வைத்திருந்தாள். தன் கையையே நம்பாதவள் வேறு என்ன செய்வாள்?

காலையில் தையல் பிரித்தார்கள். அங்கிருந்து நேரே ரொட்டிக் கடைக்குப் போனாள்.

அதுவரை அவள் அந்த மனிதரைப் போய்ப் பார்த்ததில்லை. நீ போனால் அழுது காரியத்தைக் கெடுப்பாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணன் தடுத்திருந்தான். அவன் இரண்டு முறை போய்ப் பேசிவிட்டும் வந்திருந்தான். என்ன பேசினான் என்று கேட்டதற்கு, எல்லாம் நல்லபடியாகப் பேசியாயிற்று என்று மட்டும் சொன்னான்.

ரொட்டிக்காரர் கடையின் பின்பக்கம், அடுப்புச் சூடு வரும் அறையில், ஒரு கையாலும் முகவாயாலும் கேக் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்துத் துணியில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். திட்டுவார் என்று தயாராக வந்திருந்தாள் வாலு, மரியாதைக்குத் தயாராக வரவில்லை.

மன்னிப்புக் கேட்டாள். நான் புதுசு, பயத்தில் பிரேக்கைச் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றாள். பதினோரு நாளாக மற்றவர்கள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "யார் சொன்னது? நீ பிரேக் பிடிச்சே பாப்பா. நான் பார்த்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"முப்பது வருஷமா மாவு பிசையறேன். எனக்குப் பக்கத்துல நிக்கிறவன் கையைப் பார்த்துத்தான் பழக்கம், மூஞ்சியைப் பார்த்துப் பழக்கமில்ல. உன் வலது கையில நாலு விரலும் மடங்கி, அந்தப் பிரேக் பிடி கைப்பிடியோட ஒட்டிப் போச்சு. அதுக்கு மேல அமுக்க இடமே இல்ல. சக்கரம் அது பாட்டுக்கு வருது."

வலது கை என்றால் முன் பிரேக், கால் மிதி பின் பிரேக். பயிற்சிப் பள்ளியில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் சேர்த்துத்தான் பிடித்திருக்கிறாள். ஈரத்தில் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டே போக, முன் சக்கரத்தில் பிரேக்கே பிடிக்கவில்லை.

வாலுவுக்கு உடம்பு லேசானது போலிருந்தது. அடுத்த நொடியே சந்தேகம் வந்தது. இந்த மனிதர் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார்? அண்ணன் ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பானோ?

அவரே அதற்கும் பதில் சொன்னார். "இதை உங்க அண்ணன்கிட்ட அன்னிக்குச் சாயங்காலமே சொன்னேனே. அவர் சொல்லலையா?"

சொல்லவில்லை.

பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் வாலு அண்ணனைக் கூண்டில் ஏற்றி நிறுத்தி வைத்தாள். பைக் வாங்கும்போதே வேண்டாம் என்று சொன்னவன் அவன்தான். விழுந்த மறுநாளே விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தவனும் அவன்தான். பிரேக் பிடிக்கவில்லை என்று சைக்கிள்காரரே சொன்ன பிறகும் வீட்டுக்கு வந்து சிரித்திருக்கிறான். மடியில் கனமில்லாதவன் இதை மறைப்பானேன்? விழட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்துப் பிரேக்கில் அவனே கை வைத்திருப்பானோ? கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

வீட்டில் அப்பா முன்னறையில் மதியத் தூக்கத்தில் இருந்தார், அண்ணி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பைக் வந்ததிலிருந்து கொடிக்குக் கீழே பாதி இடம் போய்விட்டது என்று அவளுக்கு ஒரு நிரந்தரக் குறை. அண்ணியையும் ஒரு நிமிஷம் சந்தேகித்துப் பார்த்தாள் வாலு. ஈரப் போர்வையைப் பிழிவதற்கே ஆளைக் கூப்பிடுகிறவள் ஸ்பானரைத் திருகியிருக்க முடியாது என்று விடுதலை செய்தாள்.

தார்ப்பாயை விலக்கி வண்டியின் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள்.

கல் மாதிரி இருந்தது. பாதி தூரம்கூட வரவில்லை, கெட்டியாக நின்றுவிட்டது. வண்டியை உந்திவிட்டுப் பிடித்தாள். முன் சக்கரம் அசையவில்லை.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிரேக் நன்றாக இருக்கிறது. அப்படியானால் ரொட்டிக்காரர் பார்த்தது தப்பு, அண்ணன் சிரித்தது சரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த வண்டிக்கு சர்வீஸ் செய்தவர் அவர்தான்.

மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, முன் சக்கரத்தின் அருகில் பிரேக் கம்பி வந்து சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நான் கடைசியாகத் தொட்டபோது நட்டு இங்கே இல்லை என்றார். பழைய வண்டி, மரையெல்லாம் அழுக்கும் துருவுமாக இருந்தது. ஆனால் கடைசி ஒரு விரற்கடை நீளத்துக்கு மட்டும் துரு வழித்துவிடப்பட்டுப் பளபளவென்று இருந்தது.

"யாரோ நட்டை நல்லா வெளிய கொண்டு போயிருக்காங்க. அப்புறம் திரும்ப உள்ள இறுக்கியிருக்காங்க. இது ஒவ்வொரு அரைச் சுத்துக்கும் பள்ளத்துல உட்கார்ற நட்டும்மா. ஆட்டத்துல தானா கழலாது."

தளர்த்தியவர் ஒருவர். தளர்த்தியது வெளியே தெரியக்கூடாது என்று மறுபடி இறுக்கியவர் ஒருவர். இரண்டும் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று வாலு முடிவு கட்டினாள். விழுந்த நாளிலிருந்து வண்டி வீட்டைவிட்டு நகரவில்லை. ஆகவே ஆள் வீட்டுக்குள்ளேதான்.

அண்ணன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் மெக்கானிக் இன்னொன்றைக் காட்டினார். தொய்ந்த பிரேக் கம்பி சக்கரத்தில் உரசாமல் இருக்க, அதை முன்பக்கக் குழாயோடு சேர்த்து மெல்லிய செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. மூன்று சுற்று. நுனி வெளியே நீட்டாமல் உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தது.

"இது என் கட்டு இல்ல. மெக்கானிக் எவனும் இவ்வளவு பொறுமையா கட்ட மாட்டான்" என்றார் அவர்.

வாலு நிமிர்ந்தாள். எதிரே துணிக்கொடி. சுவரில் அது கட்டப்பட்டிருந்த இடத்தில் மூன்று சுற்று, நுனி உள்ளே. தண்ணீர்க் குழாயில் மூன்று சுற்று. கேட்டின் தாழ்ப்பாளில் மூன்று சுற்று. அந்த வீட்டில் அவிழாமல் நிற்கிற ஒவ்வொன்றும் ஒரே ஆள் கட்டியது.

அப்பா தொலைபேசி இலாகாவில் இருபத்தாறு வருஷம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

மெக்கானிக்கை அனுப்பிவிட்டு வாலு இடுக்கியைத் தேடி எடுத்தாள். அண்ணன் மேல் சந்தேகப்பட்டது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. அப்பா மேல் சந்தேகப்படுவதற்கு அவளுக்குப் பழக்கமில்லை. அம்மா போன இந்த நாலு வருஷத்தில் அவள் வீடு திரும்பும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறவர். இந்தப் பதினோரு நாளும் ஒரு வார்த்தை அவளைக் குறை சொல்லாத ஒரே ஆள். ஒரு வார்த்தைகூடச் சொல்லாதது எதனால் என்று இப்போது யோசிக்க வேண்டியதாயிற்று.

இடுக்கியால் அந்தச் செம்புக் கம்பியை நறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா பின்னறையில் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றி வைத்து அதன் வயரை மாற்றிக்கொண்டிருந்தார். மணி நாலரை. வாலு கம்பியை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கட்டு நல்லாத்தானே இருந்துச்சு. ஏன் அறுத்தே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கையிலிருந்த திருப்புளியை மெல்லக் கீழே வைத்தார்.

"எதுக்குப்பா?"

"முன் பிரேக்கு ஆளைத் தூக்கி அடிச்சிடும்மா."

அப்பாவின் முன் பற்கள் இரண்டும் கட்டுப் பற்கள். இருபத்திரண்டு வயதில் இரவல் வாங்கிய பைக்கில் முன் பிரேக்கை அழுத்தி, தலைக்கு மேல் பறந்து, சாலையில் முகம் பதிய விழுந்தவர் அவர். அதற்கப்புறம் இலாகா கொடுத்த பைக்கில் முன் பிரேக்கைத் தளர்த்திப் பேருக்கு வைத்துக்கொண்டு, பின் பிரேக்கிலேயே இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறார். ஒரு கீறல் விழுந்ததில்லை. மகள் விழுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கேட் அருகே அவள் முன் பிரேக்கைப் பிடித்ததும் வண்டியின் மூக்கு அமுங்கியதைப் பார்த்தார். அவருக்கு வாயில் பழைய ரத்தம் கரித்தது. அவள் அறைக்குள் போனதும் ஸ்பானரை எடுத்துவிட்டார். கம்பி என்றால் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும், விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் ஆபத்து என்பது அவருடைய தொழில் கற்றுக் கொடுத்தது. கம்பத்துக் கம்பிக்குச் சரியாக இருந்தது பிரேக் கம்பிக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்தார். அலட்சியத்தில் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். அவர் அக்கறையாகச் செய்திருந்தார்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் திரும்ப இறுக்கிவிடுவாய் என்று பயந்தேன் என்றார். விழுந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றாள்.

"சொல்லத்தான் வந்தேன். ஆஸ்பத்திரியில உன் முழங்காலைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அந்தாளு கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. எனக்கு வாயே வரல வாலு."

அவர் அழவில்லை. கட்டுப் பல்லை நாக்கால் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். வாலுவுக்கு முதலில் வந்தது கோபமில்லை, சந்தோஷம். என் கை தப்புச் செய்யவில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சந்தோஷம் வந்ததில் வெட்கமாகவும் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். மோதும்போது நான் சாலையைப் பார்க்கவில்லை அப்பா, கதவு எண் தேடிக்கொண்டிருந்தேன். தினமும் கிளம்புமுன் இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை பிடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், அன்றைக்கு நேரமாகிவிட்டதென்று அதையும் செய்யவில்லை.

பாதிப் பாரத்தை மகள் வாங்கிக்கொண்டாள் என்பது அப்பாவுக்குப் புரிந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"சரி, விடுங்க" என்றாள் வாலு. "தளர்த்தினது பயத்துல. திரும்ப எதுக்கு இறுக்கினீங்க? யாருக்கும் தெரியக்கூடாதுன்னா?"

அப்பா நிமிர்ந்தார். "என்ன இறுக்கினேன்?"

"நட்டை."

"நான் அன்னிக்கப்புறம் வண்டிப் பக்கமே போகலயே. தார்ப்பாயைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறேன்."

பொய் சொல்லும்போது அப்பா பக்கத்திலிருக்கும் எதையாவது எடுத்துத் துடைப்பார். இப்போது அவர் கைகள் சும்மா இருந்தன.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மணி ஐந்தாகவில்லை, அண்ணன் முன்னாலேயே வந்துவிட்டான். பின்னறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் பைக் நின்றது. தார்ப்பாயை உருவும் சத்தம், பிறகு அவனுடைய கடைக் குரல். விளக்கு ஒன்று உடைந்திருக்கிறது, கைப்பிடி லேசாக வளைந்திருக்கிறது, இஞ்சின் தங்கம் என்று அடுக்கினான். வந்தவர் பிரேக்கைப் பற்றி ஏதோ கேட்டார்.

"ரெண்டும் பக்காவா இருக்கு சார். முன் பிரேக்கு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு. விழுந்த மறுநாள் காலையிலேயே நானே இறுக்கிட்டேன்."

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எழுந்து ஜன்னலருகே போனார். வாலு நொண்டிக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள்.

வண்டி விற்பதற்கில்லை என்று வந்தவரிடம் சொன்னாள். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் விற்பனைச் சிரிப்போடு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் உள்ளங்கையில் இருந்த அறுந்த செம்புக் கம்பியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் பார்வை அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது. அங்கே அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அப்பா சொல்லிட்டாரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

ஆக, இவனுக்கு எல்லாம் தெரியும். ரொட்டிக்காரர் சொன்ன அன்றைக்கே போய்ப் பார்த்திருக்கிறான், கட்டைப் பார்த்ததும் யார் கை என்று புரிந்திருக்கிறது, விடிந்ததும் இறுக்கியிருக்கிறான். எல்லாம் தெரிந்தே அவளைப் பார்த்து ஆடத் தெரியாதவள் என்று சிரித்திருக்கிறான். இந்தப் பதினோரு நாளும் அண்ணன் இந்த வீட்டில் ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தான். அது அவள் இல்லை.

"என்னை ஏன் பலி கொடுத்தே?"

"நீ விழுந்தேன்னா கத்துக்கிற பொண்ணு, தெரியாம விழுந்துட்டான்னு முடிஞ்சு போகும்" என்றான் அண்ணன். "அப்பாதான்னு தெரிஞ்சா? அந்த ரொட்டிக்காரர் நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னா இவர் தாங்குவாரா? நீ தாங்குவே. அதனாலதான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. நீ தாங்குவாய் என்று தீர்மானிக்க இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தன் கையையே நம்பாமல் அவள் படுத்துக் கிடந்த அத்தனை நாளும், நம்பலாம் என்று தெரிந்த ஒருவன் அடுத்த அறையிலேயே இருந்திருக்கிறான்.

சாவியைக் கேட்டுக் கை நீட்டினாள். அண்ணன் தயங்கிவிட்டுக் கொடுத்தான். வாங்க வந்தவர், நான் அப்புறம் வருகிறேன் என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தாமலே போனார்.

"திங்கட்கிழமை வேலைக்கு நான் இதுலதான் போவேன்" என்றாள் வாலு. "அது என் பாடு. நாளைக்கு ரொட்டிக் கடைக்குப் போகணும். ஒரு கையை வெச்சுக்கிட்டுப் பெட்டி மடிச்சுக்கிட்டிருக்காரு அந்த மனுஷன். அவர் பார்த்தது நிஜம்தான்னு யாராவது அவர்கிட்ட சொல்லணும். யார் சொல்லப் போறீங்க?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். அப்பா அண்ணனைப் பார்த்தார். வாலு சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோல் புதிதாக வளர்ந்திருந்த உள்ளங்கை எரிந்தது. பதில் வரும்வரை அவள் பிடியைத் தளர்த்தப் போவதில்லை.